விளையாட்டுக் கதாபாத்திரத்தின் தோல் ஏன் பிளாஸ்டிக் போல மின்னுகிறது?

மாணவர்களே, கணினி விளையாட்டில் நீங்கள் உருவாக்கிய கதாபாத்திரத்தின் முகத்தை ஒருமுறை உற்றுப் பாருங்கள். சுண்ணாம்பு பூசிய சுவர் போலத் தட்டையாகத் தெரிகிறதா? அல்லது நெற்றி முதல் தாடை வரை எண்ணெய்ச் சட்டியில் முக்கி எடுத்ததுபோல் பளபளக்கிறதா? முதல் குறையைப் போக்கலாம் என்று ஒரு கிராஃபிக்ஸ் மோடை நிறுவி, ‘குளோஸ்’ என்ற ஸ்லைடரை நகர்த்தினால், பெரும்பாலும் இரண்டாவது குறை வந்து சேர்கிறது. மனிதராக இருந்தவர் கடையில் தொங்கும் பொம்மையாகிவிடுகிறார்.

மோட் என்பது ஒரு விளையாட்டின் தோற்றத்தையோ நடையையோ மாற்றுவதற்காக, பெரும்பாலும் அதை விளையாடுபவர்களே எழுதிச் சேர்க்கும் கோப்பு. தோலை மாற்றும் மோடுகளில் ‘ஸ்பெக்குலர்’, ‘ரஃப்னஸ்’, ‘ஃபிரெனெல்’, ‘சப்சர்ஃபேஸ்’ என்ற சொற்கள் திரும்பத் திரும்ப வரும். பலரும் இவற்றின் பொருள் தெரியாமலே ஸ்லைடரை இடமும் வலமும் இழுத்துப் பார்க்கிறார்கள். உண்மையில் இவை நான்கும் ஒளியைப் பற்றிய நான்கு எளிய கேள்விகள். எவ்வளவு ஒளி திரும்புகிறது? அது எங்கே போகிறது? கோணம் மாறினால் என்ன ஆகும்? தோலுக்குள் நுழைந்த ஒளி என்னவாகிறது? படிவம் 4 இயற்பியலில் நீங்கள் படிக்கும் ஒளிப் பாடத்தைக் கொண்டே இவற்றுக்கு விடை காணலாம்.

ஒளிக்கு இரண்டு பாதைகள்

ஒரு சிவப்பு ஆப்பிளை விளக்கின் கீழ் வையுங்கள். பழம் சிவப்பு; ஆனால் அதன் மேல் தெரியும் பளபளப்புப் புள்ளி வெள்ளை. ஏன்?

பழத்தின் மேல் விழும் ஒளி இரண்டு வழிகளில் நம் கண்ணுக்கு வருகிறது. ஒரு சிறு பகுதி, மேற்பரப்பைத் தொட்டவுடனே கண்ணாடியில் படுவதுபோல் திரும்பிவிடுகிறது. அது பழத்துக்குள் போகவே இல்லை. ஆகவே விளக்கின் நிறம் அப்படியே இருக்கிறது. மற்றப் பகுதி உள்ளே நுழைந்து, சிதறி, சில நிறங்களை நிறமிகளிடம் இழந்து, எஞ்சியதோடு வெளியே வருகிறது. நாம் ‘பழத்தின் நிறம்’ என்று சொல்வது இந்த இரண்டாவது ஒளியைத்தான்.

மனிதத் தோலும் இப்படித்தான். தோல் கறுப்போ, மாநிறமோ, வெளுப்போ, அதன் பளபளப்புக்கு விளக்கின் நிறம்தான். தங்கம், செம்பு போன்ற உலோகங்களில் மட்டுமே பளபளப்புக்கும் சொந்த நிறம் உண்டு. உங்கள் மோடில் ‘ஸ்பெக்குலர் கலர்’ என்ற அமைப்பு இருந்து, அதில் பழுப்போ பொன்னிறமோ கொடுத்தால், கதாபாத்திரம் செப்புச் சிலையாகிவிடும். தோலுக்கு அது வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ இருக்க வேண்டும்.

முதல் கேள்வி: எவ்வளவு ஒளி?

ஒளி ஒரு பொருளின் மேல் நேராக, செங்குத்தாக விழும்போது எவ்வளவு திரும்பும் என்பதை அந்தப் பொருளின் ஒளிவிலகல் எண்ணே முடிவு செய்கிறது. கணக்கு எளிது. ஒளிவிலகல் எண்ணிலிருந்து 1ஐக் கழியுங்கள். அதே எண்ணோடு 1ஐக் கூட்டுங்கள். முதல் விடையை இரண்டாவது விடையால் வகுத்து, வருவதை அதே எண்ணால் பெருக்குங்கள்.

தோலின் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 1.4. ஆகவே 0.4 ÷ 2.4 = 1/6. அதன் வர்க்கம் 1/36. அதாவது ஏறக்குறைய 2.8 விழுக்காடு. நூறு பங்கு ஒளி விழுந்தால் ஏறத்தாழ 3 பங்குதான் பளபளப்பாகத் திரும்புகிறது. மீதி 97 பங்கு உள்ளே போகிறது.

‘ஸ்பெக்குலர் ஸ்ட்ரெங்த்’ என்று மோடுகளில் வருவது இந்த 3 பங்கைக் குறிக்கும் அமைப்பு. இதை நான்கு மடங்காக்கினால், உலகில் எந்தத் தோலும் திருப்பி அனுப்பாத அளவு ஒளியை உங்கள் கதாபாத்திரம் திருப்பி அனுப்புகிறது என்று பொருள். கண்ணுக்கு உடனே ஏதோ பொய் என்று தெரிந்துவிடும்.

இங்கே ஒரு சந்தேகம் வரலாம். பள்ளி மண்டபத்தில் ஒரு மணி நேரம் பூப்பந்து விளையாடிவிட்டு வந்தால் நெற்றி பளபளக்கிறதே? தேங்காய் எண்ணெய் தடவினால் கை மின்னுகிறதே? அப்போது 3 பங்கு கூடிவிடுகிறதா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். தேங்காய் எண்ணெயின் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 1.45. விடை 3.4 விழுக்காடு. தண்ணீருக்கு 1.33, விடை 2 விழுக்காடு. அதாவது எண்ணெய் தடவிய தோல் கொஞ்சமே கூடுதலாக ஒளியைத் திருப்புகிறது. வியர்வையால் நனைந்த தோலின் மேற்பரப்போ உலர்ந்த தோலைவிடக் குறைவாகத்தான் திருப்புகிறது! ஆனால் இரண்டும் அதிகமாக மின்னுகின்றன. ஆகவே மினுமினுப்பின் இரகசியம் ஒளியின் அளவில் இல்லை. வேறு எங்கோ இருக்கிறது.

இரண்டாவது கேள்வி: எங்கே போகிறது?

ஜொகூர் பாருவில் உள்ள அருள்மிகு ஸ்ரீ ராஜகாளியம்மன் கண்ணாடிக் கோயிலுக்குப் போயிருக்கிறீர்களா? சுவர், தூண், கூரை என எங்கும் சிறு சிறு கண்ணாடித் துண்டுகளைப் பதித்திருக்கிறார்கள். சுமார் 3 லட்சம் துண்டுகள் என்பார்கள். அடுத்த முறை போகும்போது ஒரே ஒரு விளக்கின் பிரதிபலிப்பை மட்டும் கவனியுங்கள். சமமான ஒரு பெரிய கண்ணாடியில் அந்த விளக்கு ஒரே இடத்தில், கூர்மையாகத் தெரியும். ஆனால் வெவ்வேறு பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கும் துண்டுகளில் அதே விளக்கு அகலமாகப் பரவிப் பல பொறிகளாகத் தெரியும். கண்ணாடி அதே கண்ணாடி. திரும்பும் ஒளியின் அளவும் மாறவில்லை. திசைகள்தான் பிரிந்துவிட்டன.

நம் தோலும் ஒரு கண்ணாடிக் கோயில்தான். அதன் மேலுள்ள நுண்ணிய மேடு பள்ளங்களின் ஒவ்வொரு சரிவும் ஒரு சிறு கண்ணாடி. அவை மிகச் சிறியவை என்பதால் தனித்தனிப் பொறிகளாகத் தெரியாமல், ஒன்று கலந்த மங்கலான பளபளப்பாகத் தெரிகின்றன. வியர்வையும் எண்ணெயும் அந்தப் பள்ளங்களை நிரப்பிப் பரப்பைச் சமமாக்குகின்றன. பல பக்கம் சிதறிய அதே 3 பங்கு ஒளி இப்போது ஒரே பக்கம் போகிறது. ஆகவே அந்தப் பக்கம் நிற்பவருக்குக் கண் கூசுகிறது.

இப்படி மேற்பரப்பைச் சிறு கண்ணாடிகளின் கூட்டமாகக் கருதும் முறையை டாரன்ஸ், ஸ்பாரோ என்ற இரு அறிவியலாளர்கள் 1967இல் வெளியிட்டார்கள். இன்றைய விளையாட்டுகளில் உள்ள ‘ரஃப்னஸ்’ அமைப்பு இந்தக் கருத்தின் வழி வந்தது. ரஃப்னஸ் 0 என்றால் எல்லாச் சிறு கண்ணாடிகளும் ஒரே பக்கம் பார்க்கின்றன. 1ஐ நெருங்க நெருங்க ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் திரும்பிவிடுகின்றன.

பழைய விளையாட்டுகளில் இதற்குப் பதிலாக ‘குளோசினஸ்’ என்ற எண் இருக்கும். அது வேலை செய்யும் விதத்தை வகுத்தவர் நம் அண்டை நாடான வியட்நாமில், ஹனோயில் பிறந்த புய் துவோங் ஃபோங். அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த அவர், தம் முறையை 1975இல் வெளியிட்டார். அதே ஆண்டு, 32 வயதில் மறைந்தார். அவருடைய முறை படிவம் 3 கணிதத்தில் வரும் கோசைன்தான். பிரதிபலிப்பின் நேர்த்திசையிலிருந்து உங்கள் கண் எத்தனை பாகை விலகியிருக்கிறதோ, அந்தக் கோணத்தின் கோசைனைக் குளோசினஸ் எண்ணின் அடுக்குக்கு உயர்த்த வேண்டும்.

கணிப்பானை எடுங்கள். 10 பாகை விலகலுக்குக் கோசைன் 0.985. குளோசினஸ் 10 என்றால் விடை 0.86; பளபளப்பு ஏறக்குறைய முழுமையாகத் தெரிகிறது. குளோசினஸ் 100 என்றால் விடை 0.22 மட்டுமே. 20 பாகை விலகலில் முதலாவது 0.54, இரண்டாவது 0.002. அதாவது எண் கூடினால் பளபளப்புப் புள்ளி சிறுத்துக் கூர்மையாகிறது. எண் குறைந்தால் அகன்று பரவுகிறது. குளோசினஸும் ரஃப்னஸும் எதிரெதிர்த் திசையில் போகும் அமைப்புகள் என்பதை நினைவில் வையுங்கள். ஒன்றுக்கு எழுதிய குறிப்பை மற்றொன்றுக்குப் பயன்படுத்தினால் விளைவு தலைகீழாகும்.

பிளாஸ்டிக் எங்கிருந்து வருகிறது?

2011இல் வெளிவந்த ‘ஸ்கைரிம்’ விளையாட்டின் உடல் மாதிரிக் கோப்புகளில் ‘குளோசினஸ்’, ‘ஸ்பெக்குலர் ஸ்ட்ரெங்த்’ என்று இரண்டு எண்கள் தனித்தனியே இருக்கின்றன. (அது முதிர்ந்த வயதினருக்கென்று தரம் குறிக்கப்பட்ட விளையாட்டு, எடுத்துக்காட்டுக்காக மட்டுமே சொல்கிறேன்.) இப்படி இரண்டும் தனித்தனியாக இருப்பதில் ஓர் ஆபத்து உண்டு.

ஃபோங்கின் முறையில் புள்ளியை அகலமாக்கினாலும் அதன் நடுவில் உள்ள பிரகாசம் குறைவதில்லை. குளோசினஸை 100இலிருந்து 10க்கு இறக்கினால், திரும்பும் மொத்த ஒளி ஏறக்குறைய 9 மடங்கு கூடிவிடுகிறது. அந்தக் கூடுதல் ஒளி எங்கிருந்து வந்தது? எங்கிருந்தும் வரவில்லை. இயற்கையில் அது நடக்காது. ஆற்றல் அழியாமை விதி அதற்கு இடம் தராது. ஒரே அளவு மாவை அகலமாகத் தேய்த்தால் ரொட்டி மெல்லியதாக வேண்டும் அல்லவா? அகலமும் கூடி, தடிப்பும் குறையாமல் இருந்தால் யாரோ மாவு சேர்த்திருக்கிறார்கள். பிளாஸ்டிக் தோற்றத்துக்கு ஒரு முக்கியமான காரணம் இந்தக் கள்ள மாவுதான்.

ஆகவே இத்தகைய பழைய விளையாட்டில் குளோசினஸைக் குறைத்தால் ஸ்ட்ரெங்தையும் குறைக்க வேண்டும். 100இலிருந்து 10க்கு வந்தால் ஒன்பதில் ஒரு பங்காக. புதிய விளையாட்டு இயந்திரங்கள் இந்தக் கணக்கைத் தாங்களே பார்த்துக்கொள்கின்றன. டிஸ்னி நிறுவனத்தின் பிரென்ட் பர்லி 2012இல் வெளியிட்ட முறையைப் பின்பற்றிப் பல இயந்திரங்கள் ரஃப்னஸ் என்ற ஒரே எண்ணைத் தருகின்றன. அதை மாற்றும்போது புள்ளி அகன்றால் பிரகாசம் தானாகவே குறையும்.

மூன்றாவது கேள்வி: கோணம் மாறினால்?

மாலை நேரத்தில் தெப்ராவ் நீரிணையின் கரையில் நின்று பாருங்கள். காலடியில் உள்ள நீரில் நீரின் சொந்த நிறம் தெரியும். தொலைவில் உள்ள நீரோ வானத்தை அப்படியே காட்டும். இரண்டும் ஒரே நீர். காலடி நீரை மேலிருந்து பார்க்கிறீர்கள். தொலைவு நீரைச் சாய்வாகப் பார்க்கிறீர்கள். சாய்வு கூடக்கூடப் பிரதிபலிப்பு கூடும். இதற்கான சமன்பாடுகளைத் தந்தவர் பிரெஞ்சு அறிவியலாளர் அகஸ்டின் ஃபிரெனெல். மோடில் வரும் பெயர் அவருடையது.

கணினிக்கு ஏற்ற சுருக்கமான சூத்திரத்தை ஷ்லிக் 1994இல் தந்தார். 1இலிருந்து கோணத்தின் கோசைனைக் கழித்து, விடையை ஐந்தாம் அடுக்குக்கு உயர்த்துங்கள். அதை 0.972ஆல் பெருக்கி, தோலின் 0.028ஐக் கூட்டுங்கள். செங்குத்துக் கோட்டிலிருந்து 60 பாகையில் விடை ஏறக்குறைய 6 விழுக்காடு. 80 பாகையில் 40 விழுக்காடு!

முகத்தின் நடுப்பகுதி நம்மை நேராகப் பார்க்கிறது. கன்னத்தின் ஓரமும் காதோரமும் சாய்ந்திருக்கின்றன. ஆகவே பின்னாலிருந்து வெளிச்சம் வந்தால் ஓரங்களில் மெல்லிய ஒளிக்கோடு தோன்றுவது இயற்கை. ஆனால் ஃபிரெனெல் ஸ்லைடரை அளவுக்கு மீறித் தள்ளினால், இருட்டிலும் உடலைச் சுற்றி நியான் குழாய் கட்டியதுபோல் வெள்ளைக் கோடு தெரியும். வெளிச்சம் இல்லாத பக்கத்தில் ஓரம் மின்னினால் அந்த அமைப்பைக் குறையுங்கள்.

நான்காவது கேள்வி: உள்ளே போன ஒளி?

அறையை இருட்டாக்கிவிட்டு, கைப்பேசி விளக்கின் மேல் விரலை வையுங்கள். விரல் செந்நிறமாக ஒளிரும். இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் பச்சை, நீல ஒளியை அதிகம் உட்கவர்கிறது. சிவப்பு ஒளி உள்ளே அதிகத் தொலைவு பயணம் செய்து, நுழைந்த இடத்தைத் தாண்டி வேறோர் இடத்தில் வெளிவருகிறது. இதுவே ‘சப்சர்ஃபேஸ் ஸ்கேட்டரிங்’, அதாவது மேற்பரப்புக்கு அடியில் நிகழும் ஒளிச்சிதறல். இது இல்லாத முகம் சுண்ணாம்புச் சிலை போலிருக்கும்; நிழலின் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் தெரியும்.

ஒளி ஒரு பொருளுக்குள் சிதறிச் சிதறிப் போவதைக் கணக்கிடும் சமன்பாட்டுக்கும் தமிழர் ஒருவருக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. லாகூரில் 1910இல் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர்தான் அவர். 1983இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றவர். நட்சத்திரங்களின் வளிமண்டலத்தில் ஒளி எப்படிச் சிதறுகிறது, எப்படி உட்கவரப்படுகிறது என்பதை ஆராய்ந்து, ‘ரேடியேட்டிவ் டிரான்ஸ்ஃபர்’ என்ற நூலை 1950இல் வெளியிட்டார். நட்சத்திரத்துக்கும் கன்னத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். ஒளிக்கு அந்த வேறுபாடு தெரியாது. சிதறலும் உட்கவர்தலும் நடக்கும் எந்தப் பொருளுக்கும் அதே அடிப்படைச் சமன்பாடு பொருந்தும்.

கணினி வரைகலை ஆய்வாளர்கள் அந்த வழியில் மேலும் நடந்தார்கள். 2001இல் ஜென்சன், மார்ஷ்னர், லெவாய், ஹான்ரஹான் என்ற நால்வர் இத்தகைய சிதறலை விரைவாகக் கணக்கிடும் முறையை வெளியிட்டார்கள். பால், பளிங்கு, உருளைக்கிழங்கு, ஆப்பிள், தக்காளி கெட்சப், மனிதத் தோல் ஆகியவற்றில் ஒளி எப்படிச் சிதறுகிறது என்று அளந்தும் பார்த்தார்கள். இந்த ஆய்வுக்காக அவர்களில் மூவருக்கு 2004இல் ஆஸ்கார் அமைப்பின் தொழில்நுட்ப விருது கிடைத்தது.

உங்கள் மோடில் இந்த அமைப்பு அளவோடு இருக்க வேண்டும். கூடினால் முகம் உருகும் மெழுகுவத்தி போலாகி, உள்ளே விளக்கு எரிவதுபோல் தோன்றும். காது மடல், மூக்கின் நுனி போன்ற மெல்லிய இடங்களில் மட்டும் செம்மை தெரிந்தால் போதும்.

நம் தோல் நிறத்துக்கு இது ஏன் முக்கியம்?

இப்போது ஒரு கணக்கு. இரண்டு கதாபாத்திரங்கள் இருக்கிறார்கள். கணக்குக்காக, வெளுத்த தோல் உள்ளிருந்து 45 பங்கு ஒளியைத் திருப்புகிறது என்றும், கறுத்த தோல் 9 பங்கு திருப்புகிறது என்றும் வைத்துக்கொள்வோம். மெலனின் என்ற நிறமி மீதியை உட்கவர்ந்துவிடுகிறது. ஆனால் மேற்பரப்புப் பளபளப்பு இருவருக்கும் அதே 3 பங்குதான். அதில் மெலனினுக்கு வேலையே இல்லை.

யாரோ ஸ்பெக்குலர் ஸ்ட்ரெங்தை நான்கு மடங்காக்கிவிட்டார். பளபளப்பு 12 பங்காகிறது. வெளுத்த தோலில் நிறம் 45, பளபளப்பு 12; கொஞ்சம் எண்ணெய் வழிவதுபோல் தெரியும், அவ்வளவுதான். கறுத்த தோலிலோ நிறம் 9, பளபளப்பு 12. பளபளப்பு நிறத்தை விழுங்கிவிட்டது. முகம் சாம்பல் பூத்த பிளாஸ்டிக் ஆகிவிடுகிறது.

இன்னொருவர் பளபளப்பே வேண்டாம் என்று 0 ஆக்கிவிட்டார். வெளுத்த தோலில் 48 பங்கு 45 ஆகிறது. வேறுபாடு கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. கறுத்த தோலில் 12 பங்கு 9 ஆகிறது; நான்கில் ஒரு பங்கு ஒளி போய்விட்டது. மூக்கின் மேடு, கன்னத்தின் வளைவு எல்லாம் மங்கி, முகம் ஒரு நிழல் போலாகிறது.

கவனியுங்கள். இரண்டு தவறுகளும் முதலில் பாதிப்பது கறுத்த முகத்தைத்தான். வெளுத்த முகத்தை மட்டும் வைத்துச் சோதித்துப் பார்ப்பவருக்குத் தம் தவறு தெரியவே வராது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் கணினி வரைகலை கற்பிக்கும் தியோடர் கிம், 2020இல் ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் இதைப் பற்றி எழுதினார். வெளுத்த தோலில் எடுப்பாகத் தெரியும் உள்ளொளிச் சிதறலுக்கே ஆய்வுகள் அதிக இடம் கொடுத்தன. கறுத்த தோலுக்கு மிக முக்கியமான மேற்பரப்புப் பளபளப்புக்கு அந்தக் கவனம் கிடைக்கவில்லை என்பது அவர் வாதம்.

ஆகவே, உங்களைப் போன்ற நிறத்தில் ஒரு கதாபாத்திரத்தை உருவாக்கி, அது திரையில் நன்றாகத் தெரியவில்லை என்றால், உடனே நிறத்தை வெளுப்பாக்கும் ஸ்லைடரைத் தேடிப் போகாதீர்கள். குறை நிறத்தில் இருக்க வேண்டியதில்லை. பளபளப்பின் கணக்கு தவறியிருக்கலாம். அதைச் சரிசெய்தால் அதே நிறம் உயிரோடு எழுந்து நிற்கும்.

சரிசெய்யும் முறை

தமிழ்ப்பள்ளியில் அறிவியல் ஆராய்வு செய்தபோது தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி என்று படித்தது நினைவிருக்கிறதா? இங்கே அது அப்படியே பயன்படும். நீங்கள் மாற்றும் அமைப்பு தற்சார்பு மாறி. பளபளப்பின் தோற்றம் சார்பு மாறி. விளக்கு, கேமராக் கோணம், கதாபாத்திரம் ஆகியவை மாறாமல் இருக்க வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு ஸ்லைடரைத் தொட்டால் எது எதைச் செய்தது என்று தெரியாது.

1. மூலக் கோப்புகளின் நகலை முதலில் வேறோர் இடத்தில் சேமியுங்கள்.

2. பளபளப்பு அமைப்பு எல்லாவற்றையும் 0 ஆக்கிவிட்டுத் தோலைப் பாருங்கள். அப்போதும் நெற்றியில் வெள்ளைப் பட்டை தெரிந்தால், அது தோல் படத்திலேயே வரையப்பட்ட பளபளப்பு. அதன் மேல் இன்னொரு பளபளப்பு சேர்ந்தால் எண்ணெய் வழியத்தான் செய்யும். இதைத் தவிர்க்கவே முகங்களைப் படமெடுக்கும் தொழில்முறைக் கூடங்களில் விளக்கின் முன்னும் கேமராவின் முன்னும் போலராய்டு வடிகட்டிகளை வைத்துப் பளபளப்பை நீக்கிவிடுகிறார்கள். பால் டெபவெக் குழுவினர் 2000இல் வெளியிட்ட முக ஆய்விலேயே இந்த முறை இருக்கிறது. இத்தகைய படம் இருந்தால் வேறு தோல் படத்தைத் தேர்ந்தெடுங்கள்.

3. ஸ்ட்ரெங்த் அமைப்பை விளையாட்டு தந்த தொடக்க அளவுக்கே கொண்டு வாருங்கள். ஒளிவிலகல் எண்ணைக் கேட்டால் 1.4 கொடுங்கள்.

4. இப்போது ரஃப்னஸை மட்டும் மாற்றுங்கள். 0.5இல் தொடங்கி, 0.05 அளவில் ஏற்றி இறக்கிப் பாருங்கள். வியர்த்த முகம் வேண்டுமானால் இதைக் குறையுங்கள், ஸ்ட்ரெங்தைக் கூட்டாதீர்கள். வியர்வை ஒளியைக் கூட்டுவதில்லை என்று மேலே பார்த்தோமே.

5. முகம் முழுவதற்கும் ஒரே எண் கொடுக்காதீர்கள். நெற்றி, மூக்கு, தாடை ஆகிய இடங்களில் எண்ணெய்ச் சுரப்பிகள் அதிகம். அங்கே ரஃப்னஸ் குறைவு. கன்னத்தில் கூடுதல். இந்த வேறுபாட்டைக் கறுப்பு வெள்ளைப் படமாக வைத்திருக்கும் மோடுகள் உண்டு. அவற்றைத் தேர்ந்தெடுத்தால் இயல்பான தோற்றம் கிடைக்கும்.

6. நண்பகல், மாலை, இரவு விளக்கு ஆகிய மூன்று வெளிச்சங்களிலும் சோதியுங்கள். கறுத்த, மாநிற, வெளுத்த மூன்று தோல்களிலும் சோதியுங்கள். கறுத்த தோலில் தொடங்குங்கள். தவறு அங்கேதான் முதலில் தெரியும்.

இரண்டு எச்சரிக்கைகள். இணையத்தில் பலரோடு சேர்ந்து ஆடும் விளையாட்டுகளில் கோப்புகளை மாற்றினால் உங்கள் கணக்கு முடக்கப்படலாம். மோடுகளைத் தனியாக ஆடும், அவற்றை அனுமதிக்கும் விளையாட்டுகளில் மட்டும் பயன்படுத்துங்கள். நம்பகமான இடத்திலிருந்து மட்டுமே பதிவிறக்குங்கள். வீட்டுக் கணினியாக இருந்தால் பெற்றோரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். மோட் எதுவும் இல்லாமலே பழக விரும்பினால், ‘பிளெண்டர்’ என்ற இலவச மென்பொருளில் ஓர் உருண்டையை உருவாக்கி, இதே ரஃப்னஸ், ஒளிவிலகல் எண், சப்சர்ஃபேஸ் அமைப்புகளை மாற்றிப் பார்க்கலாம்.

செய்து பாருங்கள்

1. ஒரு முன்கையில் இரண்டு துளி தேங்காய் எண்ணெய் தடவுங்கள். மற்றதை அப்படியே விடுங்கள். இரண்டையும் ஒரே விளக்கின் கீழ் படமெடுங்கள். எதில் பளபளப்புப் புள்ளி சிறியது? எதில் கூர்மையானது?

2. வீட்டில் போலராய்டு கறுப்புக் கண்ணாடி இருந்தால், அதன் வழியே எண்ணெய் தடவிய கையைச் சாய்வாகப் பார்த்துக்கொண்டே கண்ணாடியை மெதுவாகச் சுழற்றுங்கள். பளபளப்பு மறைந்து தோலின் நிறம் மட்டும் எப்போது தெரிகிறது? (அந்தக் கண்ணாடியோடும் சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது.)

3. வைரத்தின் ஒளிவிலகல் எண் 2.42. மேலே தந்த கணக்கின்படி அது எத்தனை விழுக்காடு ஒளியைத் திருப்பும்? தோலோடு ஒப்பிடுங்கள்.

4. ஒரு பழைய விளையாட்டில் குளோசினஸை 50இலிருந்து 20க்கு மாற்றினீர்கள். மொத்த ஒளி மாறாதிருக்க ஸ்ட்ரெங்தை என்ன செய்ய வேண்டும்? (மொத்த ஒளி, குளோசினஸ் எண்ணோடு 1ஐக் கூட்டினால் வருவதற்கு எதிர்விகிதத்தில் இருக்கும்.)

விடைகள்: மூன்றாவதற்கு ஏறக்குறைய 17 விழுக்காடு, தோலைப்போல் 6 மடங்கு. நான்காவதற்கு 21 ÷ 51. அதாவது ஏறக்குறைய 0.41 மடங்காகக் குறைக்க வேண்டும். முதல் இரண்டுக்கும் விடை உங்கள் கையிலேயே இருக்கிறது.

உலகம் முழுவதும் ஆடப்படும் விளையாட்டுகளுக்கு மலேசியாவிலும் உருவங்கள் செய்கிறார்கள். ‘லெமன் ஸ்கை ஸ்டூடியோஸ்’ போன்ற நிறுவனங்கள் இங்கேதான் இயங்குகின்றன. நாளை அத்தகைய ஓர் அறையில் ஒரு கதாபாத்திரத்தின் தோலைச் சரிபார்க்கும் வேலை உங்களுக்குக் கிடைக்கலாம். அப்போது அந்த நூற்றில் மூன்று பங்கை நினைவில் வைத்திருங்கள்.